பூச்சாண்டி டப்பா

ஊரில் பாதி வீடுகளுக்கு நிறம் பூசியவர் அவர். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'ரெண்டு கோட்டு'தான். சுவரில் குழந்தை கிறுக்கிவிட்டதா, "ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சா சரியாயிடும்." மாடிக் குழாய் ஒழுகி மேசை அகலத்துக்குக் கறை படிந்துவிட்டதா, ரெண்டு கோட்டு. ஒரு வீட்டில் மருமகள் ஏணிக்குக் கீழே நின்று, மாமியார் மூன்று மாதமாகத் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மூக்கைச் சிந்தியபோது, மேலே இருந்தவர் வாயில் வந்ததும் அதேதான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் பட்டம் அன்று சாயங்காலத்துக்குள் தெருமுனை தாண்டிவிட்டது.

வேலையில் கை சுத்தம். அவர் குழிகளைப் பட்டியால் அடைத்துத் தேய்த்த சுவரில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டலாம், ஒரு மேடு தட்டாது. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் கோடு பிசகாது. தரையில் ஒரு சொட்டு விழாது. விழுகிற சொட்டெல்லாம் அவர் சட்டையில்தான். பன்னிரண்டு வருஷமாக ஒரே வேலைச் சட்டை. அது கடையிலிருந்து வந்தபோது என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால், அவர் யோசித்துவிட்டு, "கோடு போட்டது" என்பார். கிழியக் கிழிய அவர் மனைவி தைத்துக் கொடுப்பாள், அவர் மாட்டிக்கொண்டு போவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒன்றே ஒன்றுதான் ஆகாது. வீட்டுக்காரர்கள் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வைபவம். நிற மாதிரிகள் அச்சிட்ட ஷேடு கார்டை விரித்தால் போதும், அந்தக் குடும்பத்தில் இருபது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த சண்டையெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். "உங்க அம்மா வீட்ல இந்த நீலம்தானே, அதான் பார்க்கவே எரிச்சலா இருக்கு" என்பார் ஒருவர். "உங்க மூஞ்சிக்கு எந்த நீலமும் பொருந்தாது" என்பார் இன்னொருவர். பெயின்டர் பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு நிற்பார். அரை நாள் போய்விடும்.

அதற்காக அவர் கண்டுபிடித்து வைத்திருந்ததுதான் பூச்சாண்டி டப்பா.

ஒவ்வொரு வீட்டு வேலை முடியும்போதும் டின்னின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதையெல்லாம் கொண்டுவந்து ஒரு பெரிய டப்பாவில் ஊற்றிவிடுவார். பல் டாக்டர் அறையின் வெளிர் பச்சை, டியூஷன் வாத்தியார் வீட்டு எலுமிச்சை மஞ்சள், புதுமணத் தம்பதி ஆசைப்பட்டு அடித்த கத்தரிப்பூ நிறம், யார் யாரோ வீட்டுச் சந்தனம், சாம்பல், செங்கல். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, பழுப்பும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல், பேரே வைக்க முடியாத ஒரு நிறமாக நிற்கும். எந்த வீட்டில் இழுபறி வருகிறதோ, அங்கே சுவரில் டேப் ஒட்டி ஒரு அடிச் சதுரம் பூச்சாண்டியைப் பூசுவார். பக்கத்திலேயே, தான் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருக்கும் நிறத்தையும் பூசுவார். குடும்பம் முழுவதும் முதல் சதுரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, இரண்டாவதன் காலில் விழாத குறையாக அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சண்டை போட்ட இருவரும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வித்தை தவறியதில்லை.

சரி, ஊருக்கெல்லாம் பூசியவர் வீடு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள் என்றுதான் அவரும் சொல்வார். கூடமும் சமையலறையும் பரவாயில்லை. அவரும் மனைவியும் படுக்கும் அறை மட்டும், குடிவந்த நாளில் இருந்த அதே நிறத்தில், அதாவது நிறம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லாமல், அங்கங்கே செதில் உரிந்து நின்றது. "இந்த சீசன் முடியட்டும்" என்று பன்னிரண்டு சீசன் தள்ளிவிட்டார். அவளும் சலிக்காமல் ஒவ்வொரு சீசனும் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடுவாள்.

அவள் கடைவீதியில் நூல் கடையில் வேலை செய்கிறாள். நூல், பட்டன், ஜிப், லேஸ். யாராவது ஒரு துணியைக் கொண்டுவந்து நீட்டினால், ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்பி, முந்நூறு நூல்கண்டுகளுக்கு நடுவில் கையை விட்டு ஒன்றை எடுப்பாள். துணிமேல் வைத்தால் நூல் காணாமல் போய்விடும். முதலாளியே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரிதான் பன்னிரண்டு வருஷமாகச் செதில் சுவரைப் பார்த்துக்கொண்டே கண்விழித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்டருக்கு ஞானோதயம் வந்தது. வந்த காரணம் ஒரு கிளினிக் வேலையில் மிஞ்சிய ஆஃப் ஒயிட், இரண்டு டின். சும்மா கிடக்கிறது. அறையை அடித்துவிட்டால் அவளும் குளிர்ந்துவிடுவாள், டின்னும் தீர்ந்துவிடும். ஆனால் நேராக "ஆஃப் ஒயிட்தான்" என்று சொன்னால் அவள் ஷேடு கார்டைக் கேட்பாள். நூல் கடைக்காரி ஷேடு கார்டைப் பிடித்தால் அடுத்த சீசன்வரை கீழே வைக்கமாட்டாள். ஆகவே மனிதர் தன் தொழில் வித்தையைத் தன் வீட்டிலேயே காட்டிவிட்டார். டேப் ஒட்டி, இடது பக்கம் பூச்சாண்டி, வலது பக்கம் ஆஃப் ஒயிட். மனைவியைக் கூப்பிட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தாள். ஜன்னல் கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தாள். பிறகு இடது பக்கச் சதுரத்தைக் கையால் காட்டினாள்.

"இது."

"எது?"

"இதுதாங்க. இதையே அடிங்க."

பெயின்டர் வலது பக்கத்தை விரலால் காட்டினார். "நல்லாப் பாரும்மா. அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு, பளிச்சுன்னு."

"அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. இது நல்லா இருக்கு. இதுக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் இல்ல."

"பேரில்லாட்டி என்ன, செவுரு கேக்கவா போகுது?"

சத்தம் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் படிக்கிறவள், எதையும் பட்டென்று சொல்லிவிடுவாள். "அம்மா, நிஜமாவா? கால் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். அதை ஒரு போட்டோ எடுத்து, சிநேகிதிகளுக்கு அனுப்பிச் சிரித்தும்விட்டாள்.

"உன்னை யாரு கேட்டா. இது எங்க ரூம்" என்றாள் தாய். பெயின்டர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் கேக்கற ஒரே கலருங்க" என்றாள்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. டப்பாவின் அடியில் இருந்தது ஒரு டம்ளர் அளவுதான். முந்தின வாரம் ஒரு கிடங்குச் சுவருக்கு அடிப்பூச்சாக முழு டப்பாவையும் கொட்டிவிட்டு வந்திருந்தார். அதன்மேல் வேறு நிறமும் ஏறிவிட்டது. அதே மாதிரி இன்னொரு டம்ளர் கலக்க இந்த உலகத்தில் யாராலும் முடியாது, ஏனென்றால் எதில் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. இதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆகட்டும்" என்று தலையை ஆட்டிவைத்தார்.

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போனதும் மனிதருக்குக் குறுக்குப் புத்தி வேலை செய்தது. கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவாள் என்று நினைத்தார். யார்? நூல் கடைக்காரி! பூச்சாண்டிச் சதுரத்தின்மேல் ஆஃப் ஒயிட் அடித்தார், ரெண்டு கோட்டு. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகச் சுவருக்குப் போனாள்.

"எங்க அது?"

"அந்த இடத்துல ஓதம் ஏறியிருந்துச்சு. அப்படியே விட்டா உரிஞ்சிடும். அதான் மேல ஒரு கை அடிச்சேன். தெரியாம முழுசா மறைஞ்சிடுச்சு."

அவள் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். "சரி, மறுபடி அதே கலரைக் கலந்து காட்டுங்க." சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். "பெயின்ட் வாசனை எனக்கு ஒத்துக்காது."

இருபத்தோரு வருஷமாகப் பெயின்டருக்கு வாழ்க்கைப்பட்டவள் சொல்கிற பேச்சா இது? அவருக்குப் புரிந்துவிட்டது.

இதில் அவருக்கு என்ன நஷ்டம் என்றும் சொல்லிவிடவேண்டும். அந்த இருவருக்கும் நாள் முழுக்க வேலை, சாயங்காலம் களைப்பு. பேச்சு என்று இருந்தது காலையில்தான். விழிப்பு வந்த பிறகு எழுந்திருக்கும் முன், பத்து நிமிஷம். முந்தின நாள் கடைக்கு யார் வந்தார்கள், எந்த அம்மாள் பட்டனுக்காக முக்கால் மணி நேரம் நின்றாள், முதலாளி என்ன உளறினார் என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். ஊரில் அத்தனை பேர் வீட்டுக் கதையையும் ஏணிமேல் நின்று கேட்கிற மனிதருக்கு, தனக்கென்று யாராவது கதை சொன்னது அந்தப் பத்து நிமிஷம்தான். இப்போது காலையில் கண்விழித்தால் செதில் சுவர் மட்டும் இருந்தது. கூடத்தில் பாத்திரச் சத்தம் கேட்டது. மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார்.

முதலில் பெயின்ட் கடைக்குப் போனார். கலர் மெஷினுக்குப் பக்கத்தில் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் சொல்லுங்க மேஸ்திரி."

"நம்பர் இல்லண்ணே."

"பேரு?"

"பேரும் இல்ல."

"சாம்பிளாவது கொண்டாந்தீங்களா, மெஷின்ல காட்ட?"

"அதைத்தான் நானே அழிச்சிட்டேன்."

"அப்ப எதை வச்சுக் கலக்கறது?"

"என் பொண்டாட்டி ஞாபகத்தை வச்சு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மகள் எடுத்த போட்டோவை வாங்கிப் பார்த்தார்கள். பெயின்டர் போனில் அது ஊதாவாகத் தெரிந்தது, கடைக்காரர் போனுக்கு அனுப்பினால் பச்சையாகத் தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் மூன்றாவதாக ஒன்று. கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வீட்ல சமாதானமாப் போயிடுங்க" என்றார்.

பெயின்டர் விடவில்லை. குத்துமதிப்பாகக் கலந்து கொண்டுவந்து தினம் ஒன்றிரண்டு சதுரம் பூசினார். அவள் கடையிலிருந்து வந்து, அறை வாசலில் நின்றபடியே பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள்.

"மஞ்சள் தூக்குது."

மறுநாள்: "இதுல சிவப்பு ஒளிஞ்சிட்டிருக்கு."

அதற்கு மறுநாள்: "இது கெட்டுப்போன காக்கி."

ஒரு நாள், முந்தின நாள் பூசிய அதே கலவையை நைசாக வேறு மூலையில் பூசிவைத்துப் பார்த்தார். "நேத்தே வேணாம்னு சொன்னேனே" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பூச்சாண்டி எந்தெந்த வீட்டிலிருந்து வந்ததோ, அந்தந்த வீட்டுக்கே போய், பரணில் போட்டுவைத்திருக்கும் மிச்சத்தைக் கேட்டு வாங்கிவிடுவது. ஒரு தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பல் டாக்டரிடம் நேரே போக முடியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பெண் டோக்கன் கொடுத்துவிட்டாள். பெயின்ட் கேட்க வந்தேன் என்று சொல்லச் சொல்ல, "உள்ள போய்ச் சொல்லுங்க" என்றாள். ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் முகத்தையே பார்க்காமல் நாற்காலியைச் சாய்த்து, "ஆ காட்டுங்க" என்றார். பழக்க தோஷம், மனிதர் வாயைத் திறந்துவிட்டார். கடைவாயில் இரண்டு சொத்தை என்று தெரிந்துகொண்டு, கால் லிட்டர் பச்சையோடு வெளியே வந்தார்.

டியூஷன் வாத்தியார் வீட்டில் பெயின்ட் தரத் தயார்தான். ஆனால் வாத்தியார் முதலில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். எலுமிச்சை மஞ்சள் சுவரில், இடுப்பு உயரத்துக்கு, வரிசையாக எண்ணெய்த் தலைகள் சாய்ந்த கறை. இருபது தலை, இருபது வட்டம். "இதுக்கு என்ன செய்யறது?" என்றார் வாத்தியார். பெயின்டர் வாயில் வழக்கமான பதில் வந்து நின்றது. அந்தப் பதிலால் பட்ட பாட்டை நினைத்து, "பையன்களைத் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

கத்தரிப்பூத் தம்பதி வீட்டில்தான் பெரிய அடி. கதவைத் திறந்ததும் பார்த்தார், கத்தரிப்பூவே இல்லை. கூடம் முழுக்க வேறு யாரோ வெந்தய நிறம் அடித்திருந்தார்கள். "தலைவலி வந்துடுச்சுங்க அந்தக் கலர்ல. வேற ஆளை வச்சு மாத்திட்டோம்" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் சங்கடத்தோடு. பெயின்டர் சுவர் பக்கம் போய், மூலையில் விரலை ஓட்டினார். "பட்டி சரியாத் தேய்க்கல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவ்வளவாவது சொல்லாவிட்டால் அன்று சோறு செரித்திருக்காது. கத்தரிப்பூவை மட்டும் நினைவை வைத்துக் கடையில் கலந்துகொண்டார்.

எல்லாவற்றையும் தூக்குச் சட்டியில் கலந்து பூசினார். அவள் வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்தாள். சுவருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பெயின்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிட்ட வந்துட்டீங்க. ஆனா இது இல்ல."

"அதுதான் செவுத்துலயே இல்லையே. இல்லாததை வச்சு எப்படிச் சொல்ற?" என்று கொஞ்சம் எரிந்து விழுந்துவிட்டார்.

"கடையில வெள்ளை நூல் மட்டும் நாப்பது இருக்கு. ஒண்ணை எடுத்து ஒளிச்சு வச்சா, எதைக் காணோம்னு சொல்லுவேன்" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மூன்றாவது ஞாயிறு வந்தது. நல்ல வெளிச்சமான மத்தியானம். மகள் அறைக்குள் வந்து சதுரங்களை எண்ணினாள். இருபத்து மூன்று. "அப்பா, உள்ள நின்னா ஷேடு கார்டுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. அம்மாகிட்ட என்னன்னு பேசி முடிங்களேன்" என்று சொல்லிவிட்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மனைவி ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் வேலைச் சட்டையை மடியில் வைத்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் அந்த அறையில் அவள் உட்காருவது அன்றுதான். பெயின்டர் இருபத்து நான்காவது சதுரத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்."

"ஓதம் எப்படிங்க ஏறும்?"

"கீழேருந்து ஏறும். திட்டுத் திட்டா."

"ஓஹோ. நம்ம செவுத்துல மட்டும் டேப் ஒட்டினாப்பல, நாலு மூலையும் நறுக்குன்னு, சதுரமா ஏறியிருக்கே."

டேப் அவர் கையில் ஒட்டிக்கொண்டது. உதறினார், மறு கையில் ஒட்டிக்கொண்டது. இனி பூசி மெழுக இடமில்லை. கவிழ்த்துவைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டப்பா எப்படி வந்தது, அதற்கு என்ன பேர், எத்தனை வீட்டில் எத்தனை பேர் அதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு இவர் சொன்ன நிறத்துக்கு ஒத்துக்கொண்டார்கள், கிளினிக்கில் மிஞ்சிய இரண்டு டின், கிடங்குச் சுவர், திங்கட்கிழமை அடித்த ரெண்டு கோட்டு. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது என்னைப் பயமுறுத்த வச்ச கலரு."

"ம்."

"எனக்குக் கலரு போனதுல வருத்தம் இல்லீங்க. ஊர்ல எல்லார் வீட்லயும் காட்டற வித்தையை எங்கிட்டயும் காட்டினீங்க பாருங்க. அங்க நான் யாரோ ஆயிட்டேன். அதுதான்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தப்புதான். எனக்கு வாய் வரல" என்றார் அவர். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

அவள் சட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இந்தப் பாக்கெட்டு கிழிஞ்சு நாலு தடவை தச்சிருக்கேன். காலர்ல ரெண்டு, முழங்கைல ஒண்ணு. எங்க தச்சிருக்கேன்னு காட்டுங்க பாப்போம்."

அவர் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைத் துளி, மஞ்சள் துளி, செங்கல் துளி, ஊர் முழுவதும் இருந்தது. தையல் இல்லை. விரலால் தடவினால்தான் மேடு தட்டியது, கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அவள் தையல் பெட்டியிலிருந்து பாதி தீர்ந்த நூல்கண்டு ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அதே நிறம். பழுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, ஊதாவும் இல்லை.

"முதல் தடவை இதுக்கு நூல் தேடறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. இத்தனை கலர் இருக்கற சட்டைக்கு எந்த நூலை வச்சாலும் துருத்திக்கிட்டு நிக்கும். எல்லாக் கலருக்கும் பொதுவா இருந்தது இது ஒண்ணுதான். கடையில வேற யாரும் வாங்கமாட்டாங்க. எனக்காகவே வரவழைக்கறார் முதலாளி. அன்னிக்குச் செவுத்துல பார்த்ததும், நீங்க தெரிஞ்சுதான் அந்தக் கலர் வச்சீங்கன்னு நினைச்சேன். பைத்தியக்காரி."

பெயின்டர் நூல்கண்டைச் சட்டைமேல் வைத்துப் பார்த்தார். "இதை முதல் நாளே காட்டியிருந்தா இந்த இருபத்து மூணும் மிஞ்சியிருக்குமே" என்றார்.

"காட்டியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்கமாட்டார். அது அவருக்கே தெரியும்.

மறுநாள் அவள் கடைக்கு லீவு போட்டாள். ஒரு அட்டைத் துண்டில் அந்த நூலை இடைவெளி விடாமல் நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தாள். பெயின்ட் கடைக்காரர் அதை மெஷினில் காட்டிப் பக்கத்தில் வருகிற ஒரு நிறத்தைக் கலந்து தந்தார். மீதியை வீட்டில் வைத்து அவர்களே கலந்தார்கள். அவர் கிண்ட, அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். "கறுப்பு இன்னும் ஒரு ஸ்பூன். போதும், போதும். இப்ப அந்தப் பல் டாக்டர் பச்சை கொஞ்சம்." அட்டையைக் கலவைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிடித்தபடியே இருந்தாள். பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டாள். அவர் அதற்குமேல் ஒரு சொட்டும் விடவில்லை.

சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, ஊரில் யாருக்கும் செய்யாத நேர்த்தியோடு அடித்தார். எத்தனை கோட்டு என்று அவரே கேட்டார். "மூணு" என்றாள் அவள். வாசனை போக நான்கு நாள் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். ஐந்தாம் நாள் தலையணை உள்ளே வந்தது. மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இப்ப அவ்வளவு மோசமா இல்ல" என்றாள்.

டப்பா மறுபடி நிறைய ஆரம்பித்தது. தொழில் என்று இருந்தால் மிச்சம் விழத்தானே செய்யும். இரண்டு மாதம் கழித்து ஒரு வீட்டில் மாமனாரும் மருமகனும் ஹாலுக்கு நிறம் பார்க்கிறேன் என்று முட்டிக்கொண்டார்கள். பெயின்டர் பழக்கத்தில் டப்பாவைத் திறந்து ஒரு சதுரம் பூசிவிட்டார். மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்றாவி, இதை எவன் வீட்ல அடிப்பான்" என்றார். மாமனாரும் ஆமாம் என்று தலையாட்டினார். வித்தை பலித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத் தொழிலில் வீட்டுக்காரரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், பிரஷ்ஷை நீட்டி, "பார்த்துப் பேசுங்க. எங்க ரூம்ல இந்த மாதிரிதான் அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். வேலை போய்விட்டது.

மறுநாள் காலை, எழுந்திருக்கும் முன், அதை அவளிடம் சொன்னார். இந்தத் தடவை கதை சொன்னது அவர். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "போற வேலை போகட்டும் விடுங்க" என்றாள். பத்து நிமிஷம் இருபது நிமிஷமாகிவிட்டது. வேறு வீட்டு வேலைக்கு நேரமாகிறது என்று பதறி எழுந்தார். கண்ணாடி எங்கேயோ கிடந்தது. இருட்டும் வெளிச்சமும் கலந்த அந்த நேரத்தில் அறையை ஒரு சுற்றுச் சுற்றினார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார், அலமாரியைத் திறந்து மூடினார்.

"என் சட்டையை எங்கம்மா வச்ச?"

"எதிரே செவுத்துல ஆணியிலதாங்க தொங்குது" என்றாள் அவள், படுத்தபடியே. "கையை நீட்டித் தடவிப் பாருங்க."